மத்து யார் கையில்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரியை அப்பாவுக்கு ஒரு பேரிங் கடைக்காரர் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு தண்ணீர் மோட்டார் படம். அப்பா கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் மோட்டார் முகத்தில் முழிப்பவருக்கு டைரியிலும் மோட்டாரா என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஜனவரி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. இன்றைக்கு ஆரம்பிக்கிறேன். இன்னும் இருபத்தைந்து நாளில் எங்கள் சிப் பேக்டரிக்குப் போகிறது. அதுவரை நான் யாரிடமாவது பேசித் தீர்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டுவிட்டார்கள்.

என் பெயர் ரூபகலா. வயது இருபத்தொன்பது. வேலை சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனியில். அங்கே மற்றவர்கள் சிப் வடிவமைக்கிறார்கள், நான் அதில் தப்புக் கண்டுபிடிக்கிறேன். தப்புக் கண்டுபிடிக்க ஒருவர் சம்பளம் கொடுப்பார் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை. இதைச் சும்மாவே செய்கிறாளே என்கிறாள்.

சிப்புக்குப் பெயர் கேணி. கிணற்று மேட்டில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உட்காரப் போகிறது. கரண்ட் வந்தால் மோட்டாரைப் போடும், விவசாயிக்கு போனில் செய்தி அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிணற்றில் தண்ணீர் இல்லை என்றால் பத்தே விநாடியில் மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். அப்படிக் கருகியவைதான் அப்பா கடையில் வரிசையாகப் படுத்திருக்கின்றன.

பேக்டரிக்குப் போன பிறகு சிப்பில் ஒரு கோடு கூட மாற்ற முடியாது. 18ஆம் தேதி, ‘பஸ் சரியாக இருக்கிறது’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் சிப் என் கையெழுத்தில் போகிறது. சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பஸ் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சிப்புக்குள் ஆறு பகுதிகள். கணக்குப் போடும் மூளை, நினைவகம், எண் காட்டும் பலகை, போன் பகுதி, மோட்டார் பகுதி, தண்ணீர் பார்க்கும் பகுதி. ஆறு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள இருப்பது ஒரே ஒரு பாதை. அதுதான் பஸ். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் கலந்து யாருக்கும் ஒன்றும் விளங்காது.

அதனால் பேச வேண்டியவர் கை தூக்க வேண்டும். நடுவர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் யாரைக் காட்டுகிறாரோ அவர் பேசலாம். பெரிய வேலை உள்ளவருக்கு முதலிடம், எப்போதாவது பேசும் தண்ணீர் பகுதிக்குக் கடைசி இடம். ஆனால் யாராவது தூக்கிய கையோடு நின்றுகொண்டே இருந்தால் நடுவர் எண்ண ஆரம்பிப்பார். சிப்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு எண். அறுபத்து நாலு வந்ததும் அவரை முன்னால் விட்டுவிடுவார். நான் பக்கத்தில் காவலுக்கு ஒரு சின்ன புரோகிராம் வைத்திருக்கிறேன். யாருடைய கையாவது நூறு துடிப்புக்கு மேல் தூக்கியபடி இருந்தால் திரையில் சிவப்பு விழும். இதுவரை விழவில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது வந்தா என் கடைய மூடோணுமா அம்மிணி?” என்றார்.

“முக்காவாசி மூடலாம்ப்பா.”

“அப்ப வெரசா முடி. எனக்கு முதுகு வலிக்குது.”

பிப்ரவரி 4, புதன்

இன்று ஆபீஸில் மத்து வந்தது.

தினமும் பத்து மணிக்கு எங்கள் ஆறு பேருக்கும் மீட்டிங். ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு குறை. எல்லோரும் ஒன்றாகப் பேசுவோம். ஹெப்சிபா மேடம்தான் எங்கள் தலைவி, நாகர்கோவில்காரர். சிப்புக்குள் இருக்கும் நடுவரும் அவர் எழுதியதே. இன்று கைப்பைக்குள்ளிருந்து பருப்புக் கடையும் மர மத்து ஒன்றை எடுத்து மேசை மேல் டக்கென்று வைத்தார். சிப்புக்கு ஒழுங்கு எழுதிக் கொடுத்தவருக்கு எங்களைப் பார்த்து வெட்கமாக இருந்திருக்கிறது.

“மக்களே, இனி இது யாரு கையில இருக்கோ அவங்கதான் பேசணும். வேணும்னா கையத் தூக்கணும். மத்தவங்க வாயத் தொறக்கப்பிடாது, கேட்டீங்களா?”

போன் பகுதியைச் செய்யும் ஷர்ஃபுதீன் கை தூக்கி மத்தை வாங்கிக்கொண்டு, “மேடம், இத வச்சு அடிக்கலாமா?” என்றான். அடிக்கக் கூடாதாம்.

பிப்ரவரி 5, வியாழன்

அளக்கும் புத்தி யாரை விட்டது. மீட்டிங் நடக்கும்போது டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு மத்துப் பட்டியல் போட்டேன். யார் எத்தனை தடவை கை தூக்கினார்கள், தூக்கிய கையோடு அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். என்னை மட்டும் சேர்க்கவில்லை. அளப்பவளை யார் அளப்பது.

அதிக நேரம் காத்திருந்தவன் ஷர்ஃபு, மூன்று நிமிடம். குறைவான நேரம் நல்லசிவம், பதினெட்டு விநாடி. கொடுத்து வைத்த மனிதர், அவரை யாரும் காக்க வைப்பதில்லை போலிருக்கிறது.

நல்லசிவம் தண்ணீர் பகுதியைச் செய்பவர். காங்கேயத்துக்காரர். வாயைத் திறந்தால் ‘ங்க’ இல்லாமல் மூடமாட்டார். பிரிண்டரைக் கூட ‘கொஞ்சம் நகருங்க’ என்று சொல்லித்தான் நகர்த்துவார். இங்கே சேர்ந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. சேர்ந்த அன்று சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். இதெல்லாம் வேலை சம்பந்தப்பட்ட தகவல்.

பிப்ரவரி 6, வெள்ளி

கம்ப்யூட்டருக்குள்ளேயே சிப்பை ஓட்டிப் பார்த்து நாலாயிரம் சோதனைகள் முடித்தாயிற்று. ஒரு சிவப்பு கூட இல்லை. லிப்ட் காலியாக இருந்ததால் அதில் கொஞ்சம் ஆடினேன். கேமரா இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

கேன்டீனில் இலந்தவடை தின்றுகொண்டிருந்தேன். நல்லசிவம் எதிரில் வந்து நின்றார்.

“ஏனுங்க ரூபகலா, உங்ககிட்ட ஒன்னு கேக்கோணுமுங்க.”

“கேளுங்க.”

அதற்குள் ஷர்ஃபு தன் போனை நீட்டிக்கொண்டு நடுவில் நுழைந்தான். உக்கடத்தில் ஒரு ஆடு பைக் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் வீடியோ. நாங்கள் மூன்று தடவை பார்த்தோம். நிமிர்ந்தால் நல்லசிவம், “போச்சாதுங்க, பரவால்லீங்க, பொறவு கேக்கறன்” என்று நகர்ந்துவிட்டார்.

லீவு விஷயமாக இருக்கும். ஆனால் லீவுக்கு மேடத்திடம்தானே கேட்க வேண்டும். சோதனை முடிவு பற்றியும் இருக்கலாம். நாலரை மணி வரை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தப்புக் கண்டுபிடிக்கிறவர்கள் எதையும் அப்படியே விட்டுவிட மாட்டார்கள்.

பிப்ரவரி 11, புதன்

பட்டியல்: ஷர்ஃபு, நாலு நிமிடம். நல்லசிவம், இன்றும் பதினெட்டு விநாடிக்கு மேல் போகவில்லை. அதிர்ஷ்டக்காரர்.

பிப்ரவரி 13, வெள்ளி

லிப்ட் வந்தது. நானும் நல்லசிவமும் வாசலில்.

“நீங்க போங்க” என்றார்.

“இல்லீங்க, நீங்க போங்க.”

“அட, நீங்க மொதல்ல போங்க.”

“உங்க கையில லேப்டாப் இருக்குது, நீங்க போங்க.”

கதவு மூடிக்கொண்டது. லிப்ட் காலியாக மேலே போனது. மாடிப்படியில் ஏறினோம். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, “உங்ககிட்ட ஒன்னு கேக்கோணும்” என்று தொடங்கினார். என் போன் அடித்தது. அம்மா. வரும்போது கருவேப்பிலை வாங்கி வர வேண்டுமாம், அதோடு பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதும், அவற்றில் ஒன்று அசல் நம் பெரியப்பா மாதிரி இருப்பதும். பேசி முடித்துத் திரும்பினால் படிக்கட்டில் நான் மட்டும்தான்.

பிப்ரவரி 14, சனி

விடுமுறை. விசேஷம் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நல்லசிவம் என் மேசைக்கு வந்தார். “ஒன்னு…” என்றார். நடுவரைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நடுவர் எவ்வளவு நேர்மையானவர், என் காவல் எவ்வளவு கறாரானது, நாலாயிரத்து முந்நூறு சோதனையிலும் ஒருவர் கூட நூறு துடிப்பு காத்திருந்தது கிடையாது என்று இருபது நிமிடம் பேசினேன். மிகவும் கவனமாகக் கேட்டார். “நல்லா சொன்னீங்க” என்று எழுந்து போனார். அவர் எதைக் கேட்க வந்தார் என்று வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது என்றால், கேட்கவே விடவில்லை என்பது உறைத்தது.

நீலச் சட்டை.

பிப்ரவரி 18, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் வழக்கப்படி கையெழுத்து வாங்கியதும் மேடம் மைசூர்பா பெட்டியைத் திறப்பார், முதல் துண்டு கையெழுத்துப் போட்டவருக்கு. நெய் விரலெல்லாம் ஒட்டியது. அந்த விரலோடு எல்லோருக்கும் கை கொடுத்தேன். அப்பாவுக்கு போன் போட்டேன். “அப்ப மூடிடலாமா?” என்றார். “ஜூன் மாசம் மூடுங்க” என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன். சிக்னலில் ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

நடந்ததை வரிசையாக, மெதுவாக எழுதுகிறேன்.

வேலை இல்லாததால் காலையில் மத்துப் பட்டியலை அழகாக எடுத்து எழுத உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பொறுமையாகக் காத்திருந்தவருக்கு 27ஆம் தேதி பரிசு கொடுக்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். ஷர்ஃபு நாலு நிமிடம், அவனுக்குத்தான் பரிசு. நல்லசிவம் கடைசி, பதினெட்டு விநாடி. பட்டியல் வெறுமையாகத் தெரிந்ததால், ஒவ்வொருவரும் எத்தனை தடவை பேசினார்கள் என்று இன்னொரு கட்டம் சேர்க்கலாம் என்று தோன்றியது.

ஷர்ஃபு நாற்பத்தொன்று. மேடம் முப்பது. நல்லசிவம் கை தூக்கியது இருபத்தாறு தடவை. பேசியது பூஜ்யம்.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். பூஜ்யம்தான். பத்து நாளுக்கு மேலாக மத்து அவர் கைக்குப் போகவே இல்லை, எங்களில் ஒருவரும் கவனிக்கவும் இல்லை. கை தூக்குவார். மத்து வேறு பக்கம் போனால், மற்றவர்களுக்கு அவசரம் போல என்று பதினெட்டே விநாடியில் கையை இறக்கிவிடுவார். மறுபடி தூக்குவார், மறுபடி இறக்குவார். நானும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நேரம் பார்த்து, இவரை யாரும் காக்க வைப்பதே இல்லை என்று மகிழ்ச்சியாக எழுதி வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் சிப் ஞாபகம் வந்தது. என் காவலும் அதைத்தானே செய்கிறது. கை இறங்கினால் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. நடுவரும் அப்படித்தான் எண்ணுகிறார்.

அவருடைய தண்ணீர் பகுதியைத் திறந்து பார்த்தேன். எட்டுத் துடிப்பு கை தூக்கிப் பார்க்கும். இடம் கிடைக்காவிட்டால் கையை இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கும். பக்கத்திலேயே அவர் குறிப்பு: ‘மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல்’. எழுதியவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது.

இத்தனை நாள் எப்படித் தப்பியது என்றும் பார்த்தேன். கிணறு வற்றிய சோதனையைத் தனியாக ஓட்டியிருக்கிறேன், மற்ற ஐந்து பேரும் அமைதியாக இருக்கும்போது. எல்லோரும் ஒன்றாகப் பேசும் சோதனையில் கிணறு நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஓட்டியதே இல்லை. ஆனால் நிஜத்தில் கரண்ட் வந்த முதல் நிமிடத்தில்தான் போன் பகுதி செய்தி மேல் செய்தியாக அனுப்பும், பலகை எண் காட்டும், மோட்டார் பகுதி ஓயாமல் பேசும். கோடையில் அதே நிமிடத்தில்தான் கிணறும் வற்றிக் கிடக்கும்.

சேர்த்து ஓட்டினேன். இரண்டரை மணி நேரம் ஆனது. தண்ணீர் பகுதி மூவாயிரத்துச் சொச்சம் தடவை கை தூக்கியது. ஒரு தடவை கூடப் பேசவில்லை. மோட்டார் நாற்பத்தெட்டு விநாடி வெறும் கிணற்றில் ஓடியது. திரையில் ஒரு சிவப்பு கூட இல்லை. எல்லாம் பச்சை.

இதைச் செய்தது என் கையெழுத்து.

பிப்ரவரி 20, வெள்ளி

பத்து மணி மீட்டிங்கில் முதலில் கை தூக்கினேன். மத்து வந்தது. நேற்றுப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடித்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏழு நாள் இருக்கு,” என்றார். “பேக்டரிக்குப் போன பிறவு சொல்லியிருந்தாத்தான் நான் அழுதிருப்பேன். யாருக்க பகுதியில தப்பு?”

“என் காவல்லதானுங்க மேடம் தப்பு” என்று மத்தை மேசையில் வைத்தேன்.

நல்லசிவம் அதை எடுத்தார். இரண்டு வருடம் நாலு மாதத்தில் எந்த மீட்டிங்கிலும் அவர் குரலை நான் கேட்டதில்லை. “அவங்க மேல தப்பில்லீங்க. கைய எறக்குனது நானுங்க.”

நான் மத்தை வாங்கினேன். “எறக்குனா எண்ணாம விட்டது நான்.”

அவர் வாங்கினார். “எறக்காம இருந்திருந்தா எண்ணியிருப்பீங்க. என் தப்புங்க.”

“இல்லீங்க, என்னுது.”

“அட, என்னுதுங்க.”

மத்து இப்படி ஏழு தடவை போய் வந்தது, நான் எண்ணினேன். மேடம் நடுவில் பிடுங்கிக்கொண்டார். “ரெண்டு பேருக்க தப்பும்தான். பங்கு போட்டு எடுத்துக்கோங்க. இப்ப எப்படிச் சரி செய்யணும், அதச் சொல்லுங்க.”

ஷர்ஃபு ஒழுங்காகக் கை தூக்கி, நடுவரை மாற்றலாமா என்றான். நடுவரைத் தொட்டால் ஆறு பகுதிகளையும் மறுபடி சோதிக்க வேண்டும், நாள் போதாது. தண்ணீர் பகுதியில் ஒரே ஒரு வரி மாற்றினால் போதும்: தூக்கிய கையை இறக்கக் கூடாது.

நல்லசிவத்துக்கு மட்டும் முகம் தெளியவில்லை. “கையத் தூக்கீட்டே நின்னா நல்லா இருக்குங்களா? மத்தவங்களுக்கு எடஞ்சல் இல்லீங்களா?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. மத்து கூட இல்லாமல் பேசிவிட்டேன். “நீங்க கைய எறக்குனா உங்களுக்கு ஒன்னும் வேண்டாம்னு ஆயிருதுங்க. நடுவருக்கு எப்படித் தெரியும்? எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க பாட்டுக்கு இவருக்கு ஒன்னுமே இல்ல போலன்னு உக்காந்திருப்பாங்க. அங்க மோட்டாரு கருகிட்டிருக்கும்.”

ஷர்ஃபு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சிப்பைப் பற்றித்தான் பேசினேன்.

“எறக்கமாட்டனுங்க” என்றார் நல்லசிவம்.

பிப்ரவரி 21, சனி

ஆபீஸ். அவர் ஒரு வரி மாற்றினார். நான் என் காவலை மாற்றினேன். இனி முதல் தடவை கை தூக்கியதிலிருந்து பேசி முடிக்கும் வரை எண்ணும், நடுவில் இறக்கினாலும் விடாது. மதியம் இருவரும் ஒரே டப்பாவில் தக்காளி சாதம் சாப்பிட்டோம். என்னுடையதை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். மறந்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அப்பா கடையில் இருந்த ஒரு கருகிய காயிலை வாங்கிப் பார்த்தேன். கறுத்து, வார்னிஷ் உருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. “தண்ணியில்லாம ஓடுனது அம்மிணி, காக்காவேரிப் பக்கம்” என்றார். அதை ஒரு பையில் போட்டு எடுத்து வைத்தேன். நாளை என் திரைக்கு முன்னால் வைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இரண்டாயிரம் சோதனை தாண்டியது. வற்றிய கிணறு, எல்லோரும் பேசும் நேரம், கரண்ட் வந்து போய் வந்து. தண்ணீர் பகுதி கை தூக்கியபடி நிற்கிறது. அறுபத்து நாலு எண்ணியதும் நடுவர் முன்னால் விடுகிறார். அதிகபட்சம் எழுபத்தொரு துடிப்பு. மோட்டார் ஒன்பதாவது விநாடியில் நிற்கிறது. வேறு யாருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லை. இதை அவரிடம் போய் மூன்று தடவை சொன்னேன்.

பிப்ரவரி 25, புதன்

மீட்டிங்கில் நல்லசிவம் கை தூக்கினார். மத்து ஷர்ஃபுவிடம் போனது, மேடத்திடம் போனது, மறுபடி ஷர்ஃபுவிடம் போனது. கை இறங்கவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. மத்து வந்ததும், கேன்டீன் காபியில் சர்க்கரை அதிகம் என்று சொன்னார். கைதட்டினோம்.

பிப்ரவரி 26, வியாழன்

ஐயாயிரம். எல்லாம் பச்சை, இந்தத் தடவை நிஜப் பச்சை. மறுபடி கையெழுத்துப் போட்டேன். மைசூர்பா வேண்டாம், நாளை அனுப்பிய பிறகு சாப்பிடலாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

பதினொன்று நாற்பதுக்கு மேடம் பட்டனை அழுத்தினார். கேணி பேக்டரிக்குப் போய்விட்டது. கைதட்டல், மைசூர்பா, நெய். ஷர்ஃபு நாற்காலியில் ஏறி நின்று தன் போன் பகுதிக்கு நன்றி சொன்னான்.

நான் என் மேசையில் அந்தக் கருகிய காயிலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். நல்லசிவம் வந்து நின்றார். கையில் மத்து.

“ரூபகலா, உங்ககிட்ட ஒன்னு கேக்கோணுமுங்க.”

பழக்கதோஷம், மணி பார்த்தேன்.

ஷர்ஃபு வந்தான். “அண்ணே, மைசூர்பா டப்பா எங்க?” நல்லசிவம் மத்தால் ஜன்னல் பக்கம் காட்டினார். நகரவில்லை. ஷர்ஃபு போகாமல் எங்கள் பக்கத்து வீட்டுப் பூனையின் குட்டிகள் பற்றி என்னிடம் விசாரித்தான். அவர் நகரவில்லை. என் போன் அடித்தது, அம்மா. என் வாழ்நாளில் முதல் தடவையாக அம்மாவை கட் செய்தேன். அவர் அங்கேயே நின்றார், காதெல்லாம் சிவந்து. மேடம் வாசலில் இருந்து, “மக்களே, போட்டோ எடுக்கணும், ரெண்டு பேரும் வாங்க” என்று கூப்பிட்டார்.

“ரெண்டு நிமிசமுங்க மேடம்” என்றார் நல்லசிவம். மேடத்தைக் காக்க வைத்து இந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. ஷர்ஃபு அவனாகவே மைசூர்பா டப்பாவை நோக்கிப் போய்விட்டான்.

பிறகு வேறு யாரும் வரவில்லை. அவர் மத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“உங்களுக்குச் சம்மதம்னா, எங்க ஊட்ல இருந்து வந்து உங்கப்பாகிட்டப் பேசச் சொல்லட்டுங்களா?”

யாரையும் முழு வாக்கியம் பேச விடாத எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். அவர் ‘போச்சாதுங்க’ என்று சொல்வாரோ என்று பயந்தே போனேன். சொல்லவில்லை. நின்றார்.

கடைசியில் அவர் கையிலிருந்து மத்தை வாங்கினேன். விதி விதிதான்.

“வரச் சொல்லுங்க,” என்றேன். “அப்பா கடை ஞாயித்துக்கெழம லீவு.”

போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம், எங்கள் இரண்டு பேரைத் தவிர.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்துப் பட்டியலை எடுத்தேன். நல்லசிவம்: நாலு நிமிடம் பத்து விநாடி. ஷர்ஃபுவை விடப் பத்து விநாடி அதிகம், பரிசு அவருக்குத்தான். அதன் கீழே இத்தனை நாள் போடாத ஒரு பெயரைப் போட்டேன். புதுக் காவலின் விதிப்படி, முதல் தடவை கை தூக்கியதிலிருந்து எண்ண வேண்டும், நடுவில் எத்தனை தடவை இறக்கினாலும்.

ரூபகலா: இரண்டு வருடம் நாலு மாதம்.